கைப்பேசியும் துணையாளும்

(மருத்துவமனைப் பங்காளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கை எவ்வாறு செலவிடப்பட்டது என்ற கணக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார். எனக்குத் தரப்பட்டிருக்கும் அரைமணி நேரத்தில், நம் மருத்துவமனையின் வாசற்படியை இனி மிதிக்க முடியாதவர்களைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். வார்டில் படுத்திருப்பவரை டாக்டர் பார்க்கிறார், நர்ஸம்மா பார்க்கிறார்கள், நானும் போய் ஜெபிக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து வேனில் ஏற்றி அனுப்பிவிட்ட பிறகு அவருக்கு ஒரு சிறிய அறையும் ஒரு கட்டிலும்தான் உலகம். அரிசியும் மருந்தும் பஞ்சும் பணமும் அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்து சேருகின்றன என்று நாம் அதிகமாகக் கேட்பதில்லை.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களில் எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், நம்மோடு ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேசுவது ஆலயத்தில் காணப்படாதவர்களைப் பற்றி.

நம் கடற்கரைக்கே உரிய ஓர் ஊனத்தைச் சொல்லுகிறேன். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் நின்றுபோயிற்று. சங்கு குளிப்பு நிற்கவில்லை. முன்னோர்கள் மூச்சை அடக்கி, கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கினார்கள்; ஒரு நிமிஷமோ சற்றுக் கூடுதலோ, அதற்குமேல் கீழே இருக்க இயலாது. படகில் கம்ப்ரஸரை வைத்து நீண்ட குழாய் வழியே காற்றை வாங்கிக்கொண்டு இறங்கும் பழக்கம் வந்தபின், நெடுநேரம் ஆழத்தில் தங்கலாம் என்றாயிற்று. ஆபத்தும் கூடவே வந்தது. ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து சேருகிறது. மெல்ல மெல்ல மேலே ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினாலோ, சோடாப் புட்டியைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழிகள் எழும்புகின்றன. அவை முதுகுத்தண்டு நரம்பைத் தாக்கினால், காலையில் கடலுக்குப் போனவர் மாலையில் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கிடப்பார். சிலருக்குச் சிகிச்சையில் பலன் கிடைக்கிறது. சிலருக்கு அந்தக் கால்கள் திரும்ப வருவதில்லை.

அப்படிப்பட்ட ஒருவரை நான் பல வருஷங்களாகச் சந்தித்து வருகிறேன். பெயர் வேண்டாம். அவருடைய மனைவி விடியுமுன்னே இறால் கம்பெனிக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பகல் முழுவதும் அவர் தனியாக இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைப் புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அதற்குக் கட்டிலின்மேல் ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்துத் தானே புரளப் பழகிக்கொண்டார். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். பஞ்சும் துணியும் களிம்பும் தீருமுன் வாங்க வேண்டும். இவை யாவும் மாதாமாதம் தவறாமல் வருகிற தேவைகள்.

உங்களில் ஒருவர் கொடுத்த பழைய ஸ்மார்ட் போன் ஒன்று அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதிகம் படித்தவர் அல்ல. 2017-ஆம் ஆண்டு முதல் கூகுளில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும் வசதி இருக்கிறது. ஆனால் அவருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தம் குரலையே பதிவு செய்து அனுப்புகிறார். அரைக் கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ புளி, ஒரு சோப்பு. கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகிறான். பணமும் போனிலேயே போய்விடுகிறது. கரண்ட் பில், காஸ் சிலிண்டர் பதிவு, இரண்டும் அவர் பொறுப்பு. புண்ணில் நிறம் மாறினால் பிள்ளையைக்கொண்டு படம் எடுத்து நம் நர்ஸம்மாவுக்கு அனுப்புகிறார். வரவேண்டுமா, வீட்டிலேயே மருந்து மாற்றிப் பார்க்கலாமா என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அரை நாள் கூலியும் ஆட்டோச் செலவும் மிச்சம்.

இணையச் சேவை என்றால் பெரிய கம்பெனிகளையும் அவர்கள் விளம்பரத்தையும் நினைக்கிறோம். நான் பார்த்தவரையில் நம் ஜனங்களுக்கு அதிகம் கைகொடுத்தது, தெரிந்த கடைக்காரரும் இந்தக் குரல் செய்தியும்தான்.

அவர் என்னிடம் சொன்னார்: “ஐயா, முன்னால எல்லாம் வீட்டுல என்ன தீர்ந்துபோச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. இப்ப எல்லாரும் எங்கிட்டதான் கேக்காங்க.”

பிரியமானவர்களே, இந்த வார்த்தையை நான் அநேக நாள் சிந்தித்தேன். எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு என்னும் குருடன் கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன தேவை என்பது கூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆண்டவருக்குத் தெரியாதா? ஆனாலும் நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார். பதிலை அவன் வாயிலிருந்து கேட்கும்வரை காத்திருந்தார். நாம் தர்மம் செய்கிறவர்கள். பல வேளைகளில் கேட்காமலேயே கொடுத்துவிடுகிறோம். கிறிஸ்துமஸுக்குப் போர்வை, பிறகு இன்னொரு போர்வை. நான் அறிந்த ஒரு வீட்டில் ஏழு போர்வைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நம் ஊர் வெயிலுக்கு ஏழு போர்வை! அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்ததோ ஒரு தண்ணீர் மெத்தை. தேவையைத் தானே சொல்லவும் தானே தெரிந்துகொள்ளவும் ஒரு மனுஷனுக்கு வழி உண்டாகிறபோது, அவன் வெறுமனே வாங்கிக்கொள்கிறவனாக இருப்பதில்லை.

அரசாங்கமும் இந்த வழியில் சில நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. அதை நன்றியோடு சொல்லவேண்டும். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. இயன்முறை மருத்துவமும், தீராத வியாதிக்காரருக்கான ஆதரவுச் சிகிச்சையும் வாசலுக்கு வந்தன. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், வீட்டிலிருந்தபடியே போனில் முகம் பார்த்து அரசு மருத்துவரிடம் பேசும் ‘இ-சஞ்சீவனி’ சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 12-ஆம் தேதி ‘தாயுமானவர்’ திட்டத்தில், 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வாகனத்தில் எடைத் தராசோடும் விற்பனை இயந்திரத்தோடும் வீட்டுக்கே கொண்டுவரத் தொடங்கினார்கள். 21 லட்சத்துக்கும் அதிகமானோர் பயன்பெறுவர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுடையவர்களும் 12-டி படிவம் கொடுத்தால் வீட்டிலேயே வாக்களிக்கலாம் என்றிருந்தது.

பக்கவாதத்தில் விழுந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் குறித்தும் சொல்லவேண்டும். நம் மிஷன் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். உயிரோடிருக்கிறேன் என்று காட்டுவதற்காக வருஷத்துக்கொருமுறை நேர்காணலுக்கு நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நாள் வருமுன்பே ஒரு வாரம் அவருக்குத் தூக்கம் இருக்காது. பிறகு தபால்காரரே வீட்டுக்கு வந்து தம் கையிலுள்ள கருவியில் அந்தச் சான்றிதழைப் பதிவு செய்யும் முறை வந்தது. கட்டணம் 70 ரூபாய். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே போதுமென்ற முறையையும் கொண்டுவந்தார்கள். தபால்காரர் போனை நீட்டியபோது டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, படம் எடுக்கப்போகிறீர்களென்றால் முன்கூட்டியே சொல்லக்கூடாதா என்று கோபித்துக்கொண்டார்களாம்.

இவ்வளவும் இருக்க, குறை என்ன என்று கேட்பீர்கள்.

திட்டம் ஆயத்தமாயிருக்கிறது, போனும் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதில் விழுந்து கிடப்பவர்கள் அநேகர். தொழுநோயிலிருந்து சுகமான ஒரு முதியவரை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் போய்விட்டது, விரல்களையும் கொண்டுபோய்விட்டது. ரேகை வைக்கச் சொல்லும் இயந்திரத்தின்முன் அவர் எதை வைப்பார்? 2022-இல் அவரை நான் ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பினோம். ஒருமுறை விரல் இல்லை என்றார்கள், ஒருமுறை அதிகாரி இல்லை என்றார்கள், மூன்றாம் முறை ஆதாரோடு சேர்ந்த கைப்பேசி எண் எது என்றார்கள். அந்த எண் எப்போதோ ஊரைவிட்டுப் போன மருமகனுடையது. ரகசிய எண் அவனுக்குப் போகும், இவருக்கு வராது. விரலில்லாதவருக்குக் கண்ணின் கருவிழியைப் பதியலாம், இரண்டும் இயலாதவருக்கு விதிவிலக்கு உண்டு என்பதெல்லாம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் கேரளாவில் விரல்களில்லாத ஒரு பெண்மணிக்கு மத்திய அமைச்சரே தலையிட்ட பின்புதான் ஆதார் கிடைத்தது. நம் முதியவருக்காகத் தலையிட அமைச்சர் வரவில்லை. விதியைத் தெரிந்த ஒரு வாலிபன் வந்தான். அச்சிட்ட தாளை மேஜைமேல் வைத்து மரியாதையாகக் கேட்டான். நாலாம் முறை காரியம் முடிந்தது.

உப்பளத்தில் வாழ்நாளெல்லாம் வாரியவர்களின் கைகளும் அப்படித்தான், ரேகை தேய்ந்திருக்கும். கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்கிறது வங்கியின் செயலி. பார்வையற்றவருக்குக் கேமரா எங்கே இருக்கிறதென்றே தெரியாது, ஆசிட் வீச்சில் இமையை இழந்தவரால் சிமிட்ட முடியாது. இப்படிப்பட்டவர்கள் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி வந்த தீர்ப்பில், இணையச் சேவைகளை அணுகுவதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் சொல்லி, 20 கட்டளைகளையும் பிறப்பித்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. சட்டம் உயர்ந்தது, தீர்ப்பும் உயர்ந்தது. அவை கடற்கரைத் தெருவின் கட்டிலருகே வந்துசேர ஒருவர் நடந்து போகவேண்டியிருக்கிறது.

முத்துக்குளிக்கிறவர் தம் இடுப்புக் கயிற்றை மச்சானிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார் என்று இந்தக் கரையில் சொல்லுவார்கள். கூடப்பிறந்தவள் தாலியை இழக்க மச்சான் விடமாட்டான் என்ற நம்பிக்கை. எவ்வளவு நல்ல கயிறாயிருந்தாலும் மேலே பிடித்திருக்கிறவனைப் பொறுத்ததுதான் எல்லாம். நம்மிடத்தில் இல்லாதது அந்த ஆள்தான்.

ஆயிக்குடியைப் பாருங்கள், இங்கிருந்து வெகுதூரமல்ல, தென்காசிக்குப் பக்கத்தில்தான். அங்கே எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1975-இல், பொறியியல் மாணவராக இருக்கும்போது, கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றவரானார். 1981-இல் படுக்கையில் இருந்தபடியே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவரின் பெயரையே அதற்கு வைத்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தச் சங்கத்தார் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றை உண்டாக்கினார்கள். ஆனால் செயலியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. கிராமத்துப் பணியாளர் கருவியோடு வீட்டுக்குப் போகிறார். குழந்தைக்குப் பயிற்சி கொடுக்கிறார், தாய்க்குக் கற்பிக்கிறார், முன்னேற்றத்தைப் பதிவு செய்கிறார். நிபுணர் வேறிடத்திலிருந்து அதைப் பார்த்து ஆலோசனை சொல்லுகிறார். அவர்கள் நம் சபையார் அல்லர். நல்லதை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

படுக்கையில் இருப்பவர் எதற்கும் உதவார் என்று எண்ணுகிற திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர் யாராவது இருந்தால், டோனாவூரை நினைத்துக்கொள்ளட்டும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்தபின், 1951-இல் மறுமைக்குள் பிரவேசிக்கும்வரை, பெரும்பாலும் தம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பல புத்தகங்களும் எண்ணற்ற கடிதங்களும் அந்த அறையிலிருந்தே புறப்பட்டன. அவர்களுக்குப் பேப்பரும் பேனாவும், தபாலைக் கொண்டுபோக ஆட்களும் இருந்தார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனதைத் தேசமே பார்த்தது. மின்சாரம் போயிற்று, பிறகு டவர் போயிற்று, போன்கள் செத்தன. கட்டிலில் இருப்பவர்களை யார் நினைத்தார்கள்? எந்தத் தெருவில், எந்த வீட்டில், எழும்ப முடியாதவர் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்த இடங்களில் கட்டிலோடு தூக்கி மச்சுக்கு ஏற்றினார்கள். ஆகையால் நான் ஒவ்வொரு சேகரத்துக் குருவானவரிடமும் கேட்டுக்கொள்வது: வீட்டோடு இருப்பவர்களின் பட்டியல் ஒன்றைப் பேப்பரில் எழுதி ஆலயத்தில் வையுங்கள். இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர் என்று பார்க்கவேண்டாம். அந்த எல்லைக்குள் இருக்கிற எல்லாரும் அதில் வரட்டும். போன் எண் மட்டும் போதாது. எந்த வீடு, எந்தப் பக்கக் கதவு, தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதும் இருக்கவேண்டும். வாலிபர் சங்கத்தார் ஒரு ஞாயிறு மாலையில் முடித்துவிடக்கூடிய வேலை.

இன்னொன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆராதனையைப் போனில் அனுப்பினோம். அதுவரை வருஷக்கணக்கில் ஆலயத்தைக் காணாதிருந்தவர்கள் அன்றைக்குத்தான் மறுபடியும் சபையோடு சேர்ந்து பாடினார்கள். கதவு திறந்ததும் பல இடங்களில் அந்த ஒளிபரப்பை நிறுத்திவிட்டோம். நமக்கு ஊரடங்கு முடிந்தது, அவர்களுக்கு முடியவில்லை. செலவு மிகக் கொஞ்சம். தயவுசெய்து மறுபடி தொடங்குங்கள். படுக்கையில் கிடப்பவருக்கு போன் எதற்கு, கிரிக்கெட் பார்க்கவா என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். ஆம், கிரிக்கெட்டும் பார்ப்பார். நாமும் பார்க்கிறோமே.

இனி, நாங்கள் உங்களிடம் கேட்பது. வீடுகளுக்குப் போகும் துணையாளர் இருவரைச் சம்பளத்தோடு நியமிக்க நிர்வாகக் குழு அனுமதித்திருக்கிறது. ஒருவர் ஆண், ஒருவர் பெண், ஏனென்றால் குழாய் மாற்றும் அறைக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. இவர்களில் ஒருவராவது தாமே மாற்றுத்திறனாளியாக இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன், குழு ஒத்துக்கொண்டது. கட்டிலில் இருப்பவரின் தேவையைக் கேட்பது, அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிப்பது, ரேஷன் நின்றுபோனால் விசாரிப்பது, மருத்துவரைப் போனில் காட்டுவது, அவரவரே இவற்றைச் செய்யக் கற்றுக்கொடுப்பது, இவையே அவர்கள் வேலை. ஒருவர் ஒரு நாளில் நாலு வீட்டுக்கு மேல் போக முடியாது; ஐந்தாவது வீட்டில் அவசரம் வந்துவிடும், அவசரத்தில் கேட்க மாட்டோம், நாமே முடிவு செய்துவிடுவோம்.

பணவிஷயத்தில் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. ரகசிய எண்ணைத் துணையாளர் கேட்கக்கூடாது. வியாதியஸ்தர் தானாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ளக்கூடாது. பணம் செலுத்தும்போது போன் அவர் கையிலோ அவர் கண்முன்னோ இருக்கவேண்டும். செலுத்திய ஒவ்வொன்றும் கட்டிலருகே இருக்கும் நோட்டில் தேதியோடு எழுதப்படும். படுத்திருப்பவரை ஏமாற்றுவது எளிது. ஏமாற்றுகிறவர் பெரும்பாலும் அயலார் அல்ல, உறவினரே என்பதும் இந்த ஊழியத்தில் நாம் கண்ட துக்கமான காரியம்.

இந்த ஊழியத்துக்கு ஒருமுறை காணிக்கையைவிட மாதாந்திரக் காணிக்கையே உதவும். சம்பளத்தை மாதாமாதம் கொடுக்கவேண்டும்; நடுவில் நின்றுபோனால், கதவைத் திறந்து காத்திருக்கிறவர்களிடம் போய் என்ன சொல்லுவோம்? தொகை சிறிதாயிருக்கலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இப்போதே ஒரு துணையாளரின் பஸ், ஆட்டோச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் ஸ்தோத்திரம். பழைய போன் கொடுக்க விரும்புகிறவர்கள் சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள், உள்ளே இருக்கும் குடும்பப் படங்களையும் வங்கிச் செயலிகளையும் நீங்களே அழித்துவிட்டுக் கொடுங்கள். கண்ணாடி கீறியிருந்தால் பரவாயில்லை, ஒலிபெருக்கி நன்றாயிருக்கவேண்டும். சிற்றாலய வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பணம் கொடுக்கிறவர்கள் இடப்பக்கமும், தங்கள் தெருவில் வெளியே வரமுடியாமல் இருக்கிற ஒருவரின் பெயரைத் தருகிறவர்கள் வலப்பக்கமும் எழுதுங்கள். எழுதுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள். அடுத்த வாரமும் நோட்டு அங்கேதான் இருக்கும்.